குழாய் வந்தால் போதாது, தண்ணீரும் சுத்தமாக வர வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழைக்காலத்தில் வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போதே எந்த லயத்துத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். மேல் லயத்துப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். கீழ் லயத்துப் பிள்ளைகளில் நான்கைந்து பேர் வயிற்றோட்டம் என்று வீட்டில் இருப்பார்கள். மேல் லயத்துக்கு ஊற்றுத் தண்ணீர். கீழ் லயத்துக்கு மேல் லயத்தின் கானையும் கக்கூஸ் குழியையும் கடந்து வரும் ஓடைத் தண்ணீர். பிள்ளை படுத்தால் தாய் மலைக்குப் போக முடியாது. அன்றைய பேர் போய்விடும். ஆகவே தண்ணீர்ப் பிரச்சினை சம்பளப் பிரச்சினையும்தான்.

இதற்கு அரசாங்கத்தில் காசு இல்லையா என்று கேட்கிறீர்கள். காசு வந்திருக்கிறது. 2015இல் உலக வங்கி 16.5 கோடி டொலர் கொடுத்தது. நுவரெலியா, பதுளை, கேகாலை, இரத்தினபுரி உட்பட 7 மாவட்டங்களின் குடிநீருக்கும் மலசலகூடத்துக்குமான பணம் அது. தோட்டங்களும் அதில் சேர்க்கப்பட்டன.

ஒன்றை மனதில் வையுங்கள். அது தானம் இல்லை, கடன். நாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் கொடுக்கும் வரியும் சேர்ந்துதான் அந்தக் கடன் கட்டப்படுகிறது. திறப்பு விழாவில் மாலை போட்டு நன்றி சொன்னதோடு நம் வேலை முடியாது. கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பிரதேச சபையையும் விட்டுவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாது என்று நம்மைத் திருப்பி அனுப்பினார்கள். நாம் வாக்குப் போடலாம், நமக்கு ஒரு கிணறு வெட்டித் தர முடியாது என்ற நிலை. அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. இன்றும் யாராவது பழைய கதையைச் சொன்னால் 2018 திருத்தத்தை ஞாபகப்படுத்துங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் காசு வந்த இடத்திலெல்லாம் நல்ல தண்ணீர் வந்ததா? நான் பார்த்த ஒரு டிவிசனில் புதுத் தாங்கி கட்டினார்கள், வீட்டுக்கு வீடு குழாய் போட்டார்கள். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஊற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டம் வந்தது. உரமும் மருந்தும் மழையோடு இறங்கின. தாங்கி மூடி உடைந்தது. குளோரின் போட ஆள் இல்லை, வாங்கக் காசும் இல்லை. இன்றைக்கு அந்தக் குழாயில் வருவது ஓடைத் தண்ணீர்தான். பீலியில் பிடித்ததைக் குழாயில் பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

காசு ஒரு தடவை வரும். தண்ணீரைத் தினமும் குடிக்கிறோம். அதனால் எந்தத் திட்டம் வந்தாலும், மானியமோ கடனோ, கையெழுத்து வைக்குமுன் நான்கு காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஊற்று. வெயில் காலத்தில் ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு தடவை பரிசோதிக்கச் சொல்லுங்கள். குடிநீரில் 100 மில்லி லீட்டருக்கு ஒரு ஈ.கோலி கிருமிகூட இருக்கக்கூடாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அதில் கிருமி இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், முடிவை லயத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டாவது, நிலம். ஊற்றும் தாங்கியும் இருப்பது கம்பனி குத்தகைக்கு எடுத்த காணியில். துரை வாயால் சொன்ன சம்மதம் துரை மாறினால் போய்விடும். ஊற்றைச் சுற்றி வேலி போடவும், மேலே மருந்து அடிக்காமல் இருக்கவும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது, பங்குப் பணம். சமூக நீர்த் திட்டங்களில் மக்களின் பங்கையும் கேட்பார்கள். கான் வெட்டி, கல் சுமந்து உழைப்பாகக் கொடுக்க இடம் கேளுங்கள். இதற்காக எந்தத் தாயும் நுண்கடன்காரரிடம் கையெழுத்து வைக்கக்கூடாது. குழாய்த் தண்ணீருக்காகக் கண்ணீர் விட வேண்டாம்.

நான்காவது, சங்கம். பாவனையாளர் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள், வங்கிக் கணக்குத் திறவுங்கள். வீட்டுக்கு மாதம் 100 ரூபா என்று வைத்தால் 60 வீட்டுக்கு வருடத்தில் 72,000 ரூபா. குளோரினுக்கும், உடைந்த குழாய்க்கும், தண்ணீர்ப் பரிசோதனைக்கும் அதிலிருந்து எடுக்கலாம். கணக்குப் புத்தகம் பெண்களின் கையில் இருக்கட்டும். தண்ணீர் சுமந்தவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும். நிர்வாகக் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்று இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் எடுப்போம்.

அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். விறகு செலவுதான், பிள்ளையின் வயிறு அதைவிடப் பெரிது. ஆனால் கொதிக்க வைப்பதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். டவுனில் இருப்பவன் குழாயைத் திறந்து நல்ல தண்ணீர் பிடிக்கிறான். தேயிலை கொண்டுவந்த வருமானத்தில் நாடு நடந்தது, அந்தத் தேயிலையைப் பறித்த கைக்கும் அதே தண்ணீர் கிடைக்க வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் ஒரு தாளில் எழுதி வாருங்கள்: உங்கள் லயத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், தாங்கியின் திறப்பு யாரிடம் இருக்கிறது. அந்தத் தாள்களோடுதான் நாம் பிரதேச சபைக்கும் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களத்துக்கும் போகப் போகிறோம்.