நெல்லி வாங்கிய ஔவை வேறு

அதியமானின் பழைய தகடூரான தருமபுரி மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவை ஆத்திசூடி பாடவில்லை. மூதுரையும் நல்வழியும் அவருடையவை அல்ல. நல்வழியின் கடைசி வெண்பாவை எடுத்துப் பாருங்கள். தேவார மூவரின் தமிழும் திருவாசகமும் அதில் வரிசையாக வருகின்றன. சங்க காலத்துக்கும் சம்பந்தருக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. “அந்த ஒரு பாட்டு இடைச்செருகலாக இருக்கலாமே” என்பீர்கள். இருக்கட்டும், அதைத் தள்ளிவிடுவோம். மிச்சமுள்ள பாட்டின் தமிழே காட்டிக் கொடுத்துவிடும். சங்க ஔவையின் பெயரில் உள்ள 59 பாடல்களும் ஆசிரியப்பா. உரை கைபிடிக்காமல் நகராது. நல்வழியோ வெண்பா, பள்ளிப்பிள்ளைக்கும் பாதி விளங்கும். போதாக்குறைக்கு அதன் காப்பில் பிள்ளையார் வருகிறார். சங்கப் பாடல்கள் அவரை அறியா.

பெரிய பெயர் இருந்து பாட்டு இல்லாமல் போனால், வேறொருவர் பாட்டு அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். ரோமில் கால்லஸ் என்றொரு கவிஞர், வெர்ஜிலின் நண்பர், கி.மு. 26-இல் இறந்தவர். அவர் பாடல்கள் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிஸில் கௌரிகஸ் என்ற பதிப்பாசிரியர், பிற்காலக் கவிஞர் மாக்சிமியானஸின் பாடல்களைக் கால்லஸ் பெயரில் அச்சிட்டார். அவற்றுக்குள் 6-ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி போயத்தியஸ் நடமாடுகிறார். நல்வழிக்குள் மூவர் நடமாடுவதுபோல. ஆனால் நம் கதையில் ஏமாற்றியவர் என்று யாரையும் பிடிக்க முடியாது. ஔவை என்றாலே மூதாட்டி. அந்தப் பெயர் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்திருக்க வேண்டியதில்லை. சங்க ஔவையின் பாடல்கள் உள்ள புறநானூறு அச்சேறியது 1894-இல்தான். அதற்கு முன்பே திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடி ஒலித்தது. கம்பரோடு வாதாடும் ஔவையும் அதியமானைக் கண்ட ஔவையும் எப்படி ஒருவராவார் என்று கேட்டவர்களுக்குக் கையிலேயே விடை இருந்தது: ஆயுள் நீட்டும் நெல்லிக்கனி!

இரண்டு ஔவையரையும் பிரித்தால் ஔவைக்கும் தகடூருக்கும் பெருமை குறையும் என்போர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொண்டைமானிடம் தூது போன ஔவை என்ன சொல்கிறார்? உன் வேல்கள் பீலி சூடி, நெய் பூசி, காவலுக்குள் மின்னுகின்றன. எங்கள் அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். வாழ்த்துப்போல் ஒலித்தாலும் அது குத்தல்தான். அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலையில், கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே தந்துவிடுவானே என்று அழுகிறார். இன்னொரு புறப்பாட்டில், உங்கள் நாட்டில் போரிட ஆள் உண்டா என்று கேட்கும் பகையரசன் அவரை விளிப்பது, மை தீட்டிய கண்ணும் ஒளிரும் நெற்றியும் அணிகலனும் உடைய விறலி என்று. கோலூன்றிய பாட்டியை நிறுத்திவைத்து நாம் மறைத்துவிட்ட முகம் அது.