சாலை யாருடையது? செப்பனிடுவோர் யார்?



பொதுக் கிணற்றைத் தூர் வாரும் பொறுப்பு இன்னாருக்கு என்று ஏற்பாடு இல்லாவிடில், சில வருஷங்களில் அது குப்பைக் குழியாய்விடும். சாலைகளின் கதியும் அத்தகையதே. சென்னையிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே செல்லும் பெருஞ்சாலையின் வரலாறு இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

கம்பெனியார் காலத்தில் பூந்தமல்லி ஒரு பட்டாளத் தலமாயிருந்தது. பிற்காலத்தில் 1884, 1920-ம் வருஷத்துச் சட்டங்களால் கிராமாந்தரச் சாலைகளின் பரிபாலனம் ஜில்லா போர்டுகளிடம் வந்தது. நிலத் தீர்வையோடு வசூலான செஸ், சுங்கச்சாவடி வருமானம், சாலையோரப் புளிய மரங்களின் மகசூல் ஏலம் ஆகியவை போர்டுகளின் முதல். ஆகவே சாலைச் செலவில் பெரும் பங்கைத் தாங்கியவர் குடியானவரே. மோட்டார் வண்டிகள் பெருகியபின், 1931-ம் வருஷத்து மோட்டார் வரிச் சட்டம் சுங்கச்சாவடிகளை நீக்கி, ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஈட்டுத்தொகை அளிக்க வகை செய்தது.

இத்தகைய சாலைகளைக் குறித்து எழும் வாதம் இரு தரப்பானது. “நெடுந்தூரம் செல்லும் பார வண்டிகள் பாதையைக் கெடுக்க, உள்ளூர் வரியிலிருந்து ஏன் செப்பனிட வேண்டும்?” என்பது ஸ்தல ஸ்தாபனத்தின் கட்சி. “சாலையால் கடைவீதியும் நில மதிப்பும் ஓங்குகிறபோது, அவ்வூர் தன் பங்கைச் செலுத்த வேண்டாமா?” என்பது சர்க்கார் கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு.

1943-ல் நாகபுரியில் கூடிய தலைமை இஞ்சினீயர்கள் சாலைகளைத் தேசியம், மாகாணம், ஜில்லா, கிராமம் என்று தரம் பிரித்தார்கள். 1947 ஏப்ரல் முதல் தேசியச் சாலைகளின் செலவை மத்திய சர்க்கார் ஏற்றது. 1956-ம் வருஷத்துச் சட்டப்படி அவற்றின் உடைமை மத்திய சர்க்காருடையது. பராமரிப்பை ராஜ்ய சர்க்கார் மூலமாகவும் நடத்தலாம். உடைமை ஓரிடத்தும் வேலை வேறிடத்தும் இருப்பது இதனாலேயே. ஊருக்குப் புறத்தே புதுப்பாதை அமைந்தால், உள்ளே கிடக்கும் பழைய பகுதியை அறிவிப்பின் மூலம் தேசியச் சாலைப் பட்டியலிலிருந்து நீக்கவும் சட்டம் இடந்தருகிறது. அப்படிப் பெயர் மாறுகையில் பணமும் கூடவே மாறாவிடில், பள்ளங்களே மிஞ்சும்.

இப்போது எல்லைகளும் மாறியுள்ளன. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி அப்போதும் நகராட்சியாகவே இருந்தது. கோயம்பேடு சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் விவசாயிக்கு இந்த எல்லைகள் கண்ணுக்குப் புலப்படா. அச்சு முறியும்போதுதான் தெரியும்.

ஆதலால் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கிலோமீட்டர் கல்லைப் பார்க்க வேண்டும்: தலை மஞ்சளாயின் தேசியச் சாலை, பச்சையாயின் ராஜ்யச் சாலை. நிறம் பழையதாயிருக்கலாமாதலால் அதையே முடிவாகக் கொள்ளலாகாது. இரண்டாவது, 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி, இப்பகுதி எவர் வசம், கடைசியாகச் செப்பனிட்டது எப்போது, காண்டிராக்டரின் பொறுப்புக் காலம் எதுவரை என்று எழுதிக் கேட்கலாம். மூன்றாவது, சாலையோர வாய்க்காலைத் தூர்க்காமலும் ஆக்கிரமிக்காமலும் காக்க வேண்டும். தேங்கும் நீரே தார்ச்சாலைக்குப் பெரும் பகை. இதைக் காப்பது எந்தச் சர்க்காரின் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டிய காரியமன்று.

சங்கத்தில் கடனுக்கு ஜாமீன்தார் பெயர் எழுதாமல் பணம் கொடுப்பதில்லை. சாலை கைமாறும்போதும், பொறுப்பாளியின் பெயரையும் செலவுக்கான முதலையும் ஒரே தீர்மானத்தில் எழுதும்படி அங்கத்தினர்கள் கிராம சபையிலும் நகர மன்றத்திலும் வற்புறுத்துவார்களாக.