கம்பியை எந்திரம் ஊட்டும். கையை யார் பழக்குவது?

(தொழிற்சங்க வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஃபரிதாபாத், மானேசர் வட்டாரத்து வாகன உதிரிபாகப் பட்டறைகளில் ‘மிக்’ வெல்டிங் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் கைகளுள் பல, ஐ.டி.ஐ. முடித்துவந்த தொழில்பழகுநர்களின் கைகள். பழைய ராடு வெல்டிங்கில், ராடு எரிந்து குறையக் குறையக் கையே அதை இறக்கிக்கொண்டு போகவேண்டும். அந்தப் பழக்கம் படிய மாதங்கள் ஆகும். மிக் முறையில் விசையை அழுத்தினால் சுருளிலிருந்து கம்பி தானாக வருகிறது. காற்றை விலக்கும் வாயுவும் உடன் வருகிறது. ஒரே வாரத்தில் புதியவரும் பார்வைக்கு நல்ல தையல் போட்டுவிடுவார். அந்த ஒரு வாரமே போதும் என்று நிர்வாகம் கணக்கிடுகிறது.

1948இல் அமெரிக்காவில் அலுமினியத்துக்காக உருவான முறை இது. அன்றைய பாதுகாப்பு வாயு விலை மிகுந்தது. 1953இல் சோவியத் பொறியாளர்கள் லியுபாவ்ஸ்கியும் நோவோஷிலோவும் மலிவான கரியமில வாயுவைக் கொண்டு எஃகைப் பற்றவைக்கும் வழியை வெளியிட்ட பிறகே அது சாதாரணப் பட்டறைக்கு எட்டியது. இந்தியப் பட்டறைகளில் ‘சிஓடூ வெல்டிங்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

தையல் அழகாக இருப்பதும் இரும்போடு இரும்பு உருகிச் சேர்ந்திருப்பதும் ஒன்றல்ல. மின்னழுத்தம் குறைந்தாலோ துப்பாக்கியின் சாய்வு தவறினாலோ உருகிய உலோகம் மேலே வெறுமனே படிந்து கிடக்கும். கண்ணுக்குக் குறை தெரியாது. சுமை ஏறும்போது பிளக்கும். இதைக் கற்க, போட்ட தையலை அறுத்தும் வளைத்தும் உடைத்தும் பார்க்கவேண்டும். மின்னழுத்தத்தையும் கம்பியின் வேகத்தையும் பொருத்தி, சீரான பொரியும் ஒலியைக் காதால் பிடிக்கவேண்டும். அதற்குக் கழிவுத் தகடு வேண்டும், நேரம் வேண்டும், அருகில் நின்று திருத்த ஓர் அனுபவசாலி வேண்டும். அந்த அனுபவசாலிதான் நிரந்தரத் தொழிலாளி. அவரை வெளியேற்றிவிட்டு அவரிடத்தில் பழகுநரை நிறுத்தினால் கற்பிப்பவர் யார்?

மின்விசிறியின் கதையையும் பார்க்கவேண்டும். காற்று வீசினால் பாதுகாப்பு வாயு கலைந்து, தையலில் துளைகள் விழும். ஆகவே வட இந்தியக் கோடையிலும் விசிறியை நிறுத்தச் சொல்கிறார் மேற்பார்வையாளர். தொழில்நுட்பப்படி அவர் சொல்வது சரியே. ஆனால் தையலைக் காக்க நிறுத்தப்பட்ட காற்றுக்கு ஈடாகப் புகையை உறிஞ்சும் குழாய் வைக்கப்பட்டதா? அதற்குச் செலவாகும், நுரையீரலுக்கு நிர்வாகக் கணக்கில் செலவில்லை. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் முதல் பிரிவில் வகைப்படுத்தியது. கம்பியிலுள்ள மாங்கனீசு நரம்பு மண்டலத்தைத் தாக்கவல்லது. மூடிய தொட்டிக்குள் வேலை செய்தால் கரியமில வாயு தேங்கி மூச்சையே அடைக்கும். முகமூடியின்றிச் சிறு பற்றுவைப்புப் போடும் புதியவருக்கு அன்றிரவே கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். மறுநாள் விடுப்பு எடுத்தால் உதவித்தொகை பிடிக்கப்படுமோ என்ற அச்சம் வேறு.

சட்டம் என்ன செய்தது? 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம், 18ஆம் பிரிவில், பழகுநர் தொழிலாளி அல்லர் என்றது. 2014 திருத்தம் அவரது வேலை நேரத்தை முதலாளியே முடிவு செய்யலாம் என்றது. 2016இல் வந்த ஊக்குவிப்புத் திட்டம் உதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசின் தலையில் வைத்தது. எந்திரம் கைத்திறனை எளிதாக்கியதன் பயன் யாருக்குப் போகிறது என்பதை இந்த மூன்றும் காட்டுகின்றன.

ஆனால் அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, தொழிற்சாலையின் உடல்நல, பாதுகாப்பு விதிகள் பழகுநருக்கும் உண்டு என்றது. வேலையில் காயமுற்றால் இழப்பீடு உண்டு என்றது 16ஆம் பிரிவு. இவ்விரு பிரிவுகளைப் பழகுநர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஆலைக் கிளைகள் அவற்றை உணவு இடைவேளையிலேயே எடுத்துச் சொல்லலாம். நிரந்தரத் தொழிலாளர் தரும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் உறிஞ்சுக் குழாயும், பயிற்சிக்கெனத் தனி மேசையும், கற்பிக்கும் மூத்த தொழிலாளிக்கு உற்பத்தி இலக்கிலிருந்து விலக்கும் இடம்பெறவேண்டும். பழகுநரைப் போட்டியாளராகப் பார்க்கும் மூத்தவர்கள் இருக்கும் ஆலைகளில் இந்தப் பேச்சை முதலில் அவர்களிடமிருந்தே தொடங்கவேண்டியிருக்கும்.