வகுப்பறைத் திரையில் ஓட வேண்டும்

(திருவேங்கடத்தில் நடந்த ஆசிரியர் பணிமனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2018இல் வந்த நம் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்து வந்த ஊரடங்குக் காலத்தில், வீடியோ பாடம் தயாரிப்பது நம் பணியில் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. படம் பிடிக்கவும், வெட்டி ஒட்டவும், குரல் சேர்க்கவும் நாம் நன்றாகவே கற்றுக்கொண்டோம். கடைசியில் அழுத்துகிற 'எக்ஸ்போர்ட்' பொத்தானைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. பல மாலைநேர உழைப்பு அங்கேதான் வீணாகிறது. அதனால் இன்று அதை மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கழுகுமலை நமக்குப் பக்கம். அங்கே எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் ஒரே பாறையில் குடைந்த வெட்டுவான் கோயில் இருக்கிறது. ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் கைப்பேசியில் அதைப் படம் பிடித்து, பத்து நிமிடப் பாடமாக்குகிறார். பக்கத்து ஊராக இருந்தும் அந்த மலைக்குப் போகாத குழந்தைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். அந்தக் கோயிலை அவர்கள் முதலில் பார்க்கப்போவது நம் திரையில்தான். பாடவேளையில் அது ஓடாவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

முதல் சிக்கல்: எடிட்டிங் மென்பொருளில் குரல் கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது. இங்கே ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்பவை பாத்திரங்கள். உள்ளே இருக்கும் பண்டம் வேறு. அதற்குக் கோடெக் என்று பெயர். எச்.264 என்பது 2003இல் வந்த கோடெக். ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அதைப் படிக்கும். 2013இல் வந்த எச்.265, அதாவது ஹெச்இவிசி, கோப்பைச் சிறிதாக்கும். ஆனால் பழைய கணினிகள் பல அதைப் படிப்பதில்லை. இப்போதைய கைப்பேசிகள் பல இந்த இரண்டாவது வகையில் பதிவு செய்கின்றன. இரண்டுமே எம்பி4 என்ற பெயரில் வரலாம். கோப்பின் பெயரில் வால்பகுதியை மாற்றி எழுதினால் உள்ளே இருப்பது மாறாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264ஆக மாற்றிவிட்டுப் பிறகு எடிட் செய்யுங்கள். அடுத்த முறை படம் பிடிக்கும் முன், கைப்பேசியின் கேமரா அமைப்பிலேயே எச்.264ஐத் தேர்ந்துகொண்டால் இந்த வேலையும் மிச்சம்.

இரண்டாவது சிக்கல்: உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் இருந்தால், ஒலித் துண்டைச் சற்று நகர்த்தினால் போதும். நேரம் போகப் போக விலகல் கூடினால் காரணம் வேறு. வெளிச்சம் குறையும் இடத்தில் கைப்பேசி தானாகவே ஒரு நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். சில எடிட்டிங் மென்பொருள்கள் இந்த ஏற்ற இறக்கத்தைச் சரியாகக் கையாள்வதில்லை. ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து, 30 என்று வைத்து மாற்றுங்கள். மாற்றிய கோப்பை வைத்து எடிட் செய்தால் விலகல் வராது.

மூன்றாவது: எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கிறது. உடனே மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவ வேண்டாம். எத்தனை சதவீதத்தில் நின்றது என்று குறித்துக்கொண்டு, இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றால், அங்கே உள்ள ஏதோ ஒரு துண்டில்தான் பழுது. அதை எடுத்துவிட்டு முயன்றால் தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், வன்தட்டில் இடம் இருக்கிறதா, கணினி சூடாகிறதா என்று பாருங்கள். ஷாட்கட் பயன்படுத்துபவர்கள் 'ஹார்டுவேர் என்கோடர்' என்பதில் உள்ள டிக் குறியை எடுத்துவிட்டு முயலலாம். நேரம் கூடுதலாகும், ஆனால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

நான்காவது: கோப்பு பெரிதாகிவிட்டது. இதற்குக் கணக்கு எளிது. பிட்ரேட்டை நொடிகளால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். பத்து நிமிடம் என்றால் 600 நொடி. பிட்ரேட் 8 எம்பிபிஎஸ் என்றால் 600 எம்பி. 2 எம்பிபிஎஸ் என்றால் 150 எம்பி. ஒலிக்கு இன்னும் ஒரு பத்து எம்பி சேரும். 720பி அளவில் பாடக் காட்சிக்கு 2 எம்பிபிஎஸ் பெரும்பாலும் போதும். பிள்ளைகளின் வீட்டில் பெற்றோரின் ஒரே கைப்பேசியில், தினசரி டேட்டாவில் அது இறங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, 32 ஜிபி பென்டிரைவில் இடம் இருந்தும் பெரிய கோப்பு ஏறாமல் போகலாம். ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதே காரணம்.

ஐந்தாவது, தமிழாசிரியர்கள் அதிகம் கேட்பது: தலைப்பெழுத்தில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. முதலில், பழைய எழுத்துருக்களை விட்டு ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். தமிழக அரசு 2010லேயே அதைத் தரமாக ஏற்றுவிட்டது. அப்படியும் மென்பொருள் எழுத்தைச் சிதைத்தால், தலைப்பைப் பவர்பாயின்டிலோ லிபர்ஆபிஸிலோ அமைத்து, படமாகச் சேமித்து, வீடியோவில் சேருங்கள். படத்தில் உள்ள எழுத்து எங்கும் சிதையாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். வேலையைத் தொடங்கும் நாளிலேயே முப்பது நொடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, பென்டிரைவில் எடுத்துப்போய், வகுப்பில் இருக்கும் அதே திரையில் போட்டுப் பாருங்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுத்து தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று கவனியுங்கள். ஓடினால் அந்த அமைப்பையே எழுதி வைத்துக்கொண்டு முழுப் பாடத்துக்கும் பயன்படுத்துங்கள். ஓடாவிட்டால் இழப்பு முப்பது நொடிதான். நம் கணினியில் நன்றாக ஓடுகிறது என்பதை மட்டும் நம்பி வகுப்புக்குப் போக வேண்டாம்.

எடிட் செய்த புராஜெக்ட் கோப்பையும் மூலப் பதிவுகளையும் அழிக்காமல் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். அடுத்த ஆண்டு பாடத்தில் ஒரு வரி மாறினால், அந்த வரியை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.

இப்போது அவரவர் கைப்பேசியில் உள்ள ஒரு வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கோடெக் என்ன என்று விஎல்சியில் பார்ப்பதிலிருந்து செய்முறையைத் தொடங்குவோம்.