பழைய பக்கத்தைத் திருத்துவதா, புதுசாக ஒன்று எழுதுவதா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உன் வேலையைப் பற்றி பத்து நிமிஷம் பேசு" என்றார் செயலாளர் அண்ணன். நான் பார்ப்பது வெப்சைட் வேலை. கூகுளில் தேடுகிறவர் கையில் சரியான பக்கம் சிக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் தினமும் வருகிற சந்தேகம் ஒன்று உண்டு. ஏற்கெனவே இருக்கும் பக்கத்தைத் திருத்துவதா, புதிதாக ஒன்று எழுதுவதா? நான் பண்ணிய தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ராயகிரி. சங்கரன்கோவில் வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். 2013-இல் ஊருக்காக ஒரு சின்ன வெப்சைட் போட்டேன். எந்த பஸ் எங்கே போகும், எந்த மனுவை எந்த ஆபீசில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கலெக்டரிடம் மனு கொடுக்க திருநெல்வேலி கொக்கிரகுளம் போக வேண்டும் என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு அது சரி. வெளியூரில் இருந்த நம்மூர்ப் பையன்கள் பலரும் அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தார்கள்.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கியது. எங்கள் ஊரும் அதில் சேர்ந்தது. எனக்கு ஒரே உற்சாகம். உட்கார்ந்து புதுப் பக்கம் எழுதினேன், புது முகவரி, புதுப் படங்கள். பழையது பாட்டுக்குக் கிடந்தது.

2021 கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ஏலே, கம்ப்யூட்டர்ல நீதான் எழுதுனியாமே?" என்று கேட்டார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதி, பேரனைப் போனில் தேடச் சொல்லியிருக்கிறார். முதலில் வந்தது என் பழைய பக்கம். திங்கட்கிழமை மனுநாள் என்று விடியுமுன் பஸ் ஏறி, சங்கரன்கோவிலில் மாறி, திருநெல்வேலி போய் வரிசையில் நின்றிருக்கிறார். "ஒங்களுக்கு இப்போ தென்காசில்லா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை.

கூகுள் ஏன் பழையதைக் காட்டியது? 1998-இல் அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து, ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுக்கிறார்கள் என்பதும் அதன் கணக்கில் உண்டு. அது மட்டும்தான் கணக்கு என்று இல்லை. ஆனால் பழைய பக்கத்துக்கு ஆறு வருஷச் சம்பாத்தியம் இருந்தது, புதியதற்கு ஒன்றும் இல்லை. ஒரே விஷயத்துக்கு நானே இரண்டு பக்கம் வைத்திருந்தேன், எது சரி என்று அதற்கு நான் சொல்லவும் இல்லை.

தபால்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. கவரில் மாவட்டப் பெயர் மாறியது. தென்காசிக்கு 627811 என்ற பின்கோடு அப்படியே இருக்கிறது, கடிதமும் வந்து சேருகிறது. வெப் முகவரியும் அந்த மாதிரிதான். உள்ளே இருப்பதை மாற்றலாம், முகவரியைக் கலைக்கக்கூடாது.

அன்று ராத்திரியே புதுப் பக்கத்தில் இருந்ததை எல்லாம் பழைய முகவரிக்குள் கொண்டுவந்து வைத்தேன். புது முகவரியைத் தட்டினால் பழையதற்கே போகும்படி 301 என்கிற நிரந்தர வழிமாற்று போட்டேன். ஐந்து நிமிஷ வேலை. இரண்டு வருஷம் பிந்திவிட்டது.

அப்படியானால் புதுப் பக்கமே வேண்டாமா? வேண்டும். தேடுகிறவர் மனசில் இருக்கிற கேள்வி அதேதானா என்று பாருங்கள். 'ராயகிரிக்காரர் எங்கே மனு கொடுப்பது' என்பது பழைய கேள்வி, பதில்தான் மாறியது. அதனால் பழைய பக்கத்தைத் திருத்த வேண்டும். 'தென்காசி மாவட்டத்தில் எந்தெந்த வட்டங்கள்' என்பது 2019-க்கு முன் யாரும் கேட்காத கேள்வி. அதற்குத் தனிப் பக்கம்தான் சரி. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஒரே பொருளுக்கு இரண்டு கட்டுரை வந்தால் ஒன்றாக இணைப்பார்கள், மற்றப் பெயரை வழிமாற்றாக வைப்பார்கள். ராயகிரி, இராயகிரி என்று எழுத்துக்கு ஒரு பக்கம் எழுதுவது வீண் வேலை.

சங்கரன்கோவில் ஆடித்தபசை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் புதுப் பக்கம் போட்டால், போன வருஷத்துத் தேதியைப் பார்த்துவிட்டு வந்து நிற்பவர்கள் இருப்பார்கள். ஒரே முகவரியில் தேதியை மாற்றிக்கொண்டே வாருங்கள். வருஷந்தோறும் வரும் விற்பனைகளுக்குக் கூகுளே வியாபாரிகளுக்குச் சொல்லும் யோசனையும் இதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கு மாதிரியான பதிவை மட்டும் அழித்து எழுதாதீர்கள், அது அந்த வருஷத்துக்கான ஆவணம். இன்னொன்று, உள்ளே ஒரு வரிகூட மாற்றாமல் மேலே 'இன்று புதுப்பிக்கப்பட்டது' என்று தேதி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய பண்டத்துக்குப் புது லேபிள் ஒட்டுகிற வேலை அது!

மாணவத் தம்பிகள் எதையும் எழுதுமுன் உங்கள் சைட்டுக்குள்ளேயே ஒரு தடவை தேடிப் பாருங்கள். சர்ச் கன்சோலில் எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியும். ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கம் மாறி மாறி வந்தால் சேர்த்துவிட முடியுமா என்று யோசியுங்கள்.

கடைசியாக ஒன்று, செயலாளர் அண்ணன் கோபித்துக்கொள்ளக்கூடாது. நம் சங்கத்தின் வெப்சைட்டில் உறுப்பினர் படிவம் மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றிலும் மூன்று போன் நம்பர். பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள் அண்ணே, ஊருக்குக் கிளம்புமுன் ஒன்றாக்கித் தந்துவிடுகிறேன்.