பாட்டுக்காரியின் சரித்திரமும் பிள்ளைகளின் புத்தியும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த பிரசங்கம்)



அமெரிக்க சங்கீதக்காரர்களுடைய வாழ்க்கைச் சரித்திரத்தைச் சிறு பிள்ளைகள் படிப்பதற்கென்றே அந்நாட்டில் தனிப் புத்தகங்களாக எழுதி வருகிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால், பிள்ளைகளுக்குத்தானே என்று எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாமா என்பதுதான் எனது கேள்வி.

மேரியன் ஆண்டர்சன் என்ற அம்மையார் 1897-ல் பிலடெல்பியா நகரில் ஒரு கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் அவரது சிறு வயதிலேயே இறந்து போனார். தாயார் பிறர் துணியைத் துவைத்தும், வீட்டு வேலை செய்தும் மூன்று பெண்களை வளர்த்தார். அவர் பாடிவந்த சர்ச்சைச் சேர்ந்த ஏழை ஜனங்கள் காசு சேர்த்துப் பாட்டுக் கற்க உதவினார்கள். ஆனால் ஒரு சங்கீதப் பள்ளிக்கூடத்திற்குப் போனபோதோ, குரல் எப்படி என்று கேட்கவில்லை; தோல் கறுப்பு என்று கண்டு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதே பெண் 1930-களில் ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றார். 1939-ல் வாஷிங்டனில் கான்ஸ்டிட்யூஷன் மண்டபத்தில் பாட இடம் கேட்டபோது, மண்டபத்துக்குச் சொந்தக்காரரான 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' என்ற சங்கத்தார் மறுத்துவிட்டார்கள். வேடிக்கையைப் பாருங்கள்! பெயரிலே புரட்சி, வாசலிலே நிறபேதம்! ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் அச்சங்கத்திலிருந்து ராஜிநாமா செய்தார். ஏப்ரல் 9-ந் தேதி லிங்கன் ஞாபக மண்டபத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில், சுமார் 75,000 ஜனங்கள் முன்னிலையில் மேரியன் பாடினார். அப்படியும் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பரா மேடையில் அவரை ஏற்ற 1955 வரை மனம் வரவில்லை. அப்போது அவருக்கு வயது 57. அவருக்கு முன் எந்தக் கறுப்பரும் அங்கே முக்கிய வேஷத்தில் பாடியதில்லை.

இதையெல்லாம் மறைத்து, "தெய்வம் கொடுத்த குரல், முன்னுக்கு வந்தார்" என்று எழுதினால், படிக்கும் பிள்ளை என்ன நினைக்கும்? வரம் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரும். வருஷக்கணக்கான சாதகமும் கண்ணுக்குத் தெரியாது. கதவைச் சாத்தினவர்களும் தப்பித்துக் கொள்வார்கள். 2002-ல் பாம் முன்யோஸ் ரயன் என்ற அம்மையார் எழுதிய பிள்ளைகள் புத்தகம் அந்தப் பள்ளிக்கூட வாசலை மறைக்காமல் காட்டுகிறது. அதுவே யோக்கியமான எழுத்து.

மற்றொன்று. டிரம்பெட் வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங், தாம் 1900 ஜூலை 4-ல், அதாவது அமெரிக்க சுதந்திர தினத்தில், பிறந்ததாகச் சொல்லி வந்தார். புத்தகங்களும் அப்படியே எழுதின. அவர் 1971-ல் இறந்த பின், 1980-களில் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் பார்த்தால் 1901 ஆகஸ்ட் 4 என்று இருந்தது! இதனால் அவர் வாசிப்பின் பெருமை கடுகளவாவது குறைந்ததா? இல்லையே! மெய்யான பெருமைக்குப் பொய் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகையால் தோழர்களே, பிள்ளைகள் கையில் ஒரு பெரியவரின் சரித்திரத்தைக் கொடுக்குமுன் நீங்கள் ஒரு தரம் படியுங்கள். அவர் எப்படிக் கற்றார், யார் உதவினார், யார் தடுத்தார் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் கொடுங்கள். இல்லையேல், அது சரித்திரமல்ல, வெறும் ஸ்தோத்திரம்.