மங்கிய ரிப்பனும் நம்ம சம்பளச் சீட்டும்



பழைய ஊசிப் பிரின்டர் ஓடுகிற ஆபிஸ்களில் ரிப்பன் மங்கினால், சம்பளச் சீட்டில் சேமலாப நிதி இலக்கமே தெரியாமல் போகும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நம்ம சம்பளத்தில் குறைந்தது 8 வீதம் பிடித்து, தோட்டம் குறைந்தது 12 வீதம் போட வேண்டும். அதற்கு நம்ம கையில் இருக்கிற அத்தாட்சி அந்தச் சீட்டுத்தான்.

ரிப்பன் என்பது எண்ணெய் மையில் தோய்ந்த நைலோன் நாடா. பெரியகல்லாறு மாதிரி வாவிக்கரை ஊர்களின் வெக்கையில் அது சீக்கிரம் காயும். மலையிலும் ஜன்னல் வெயிலில் வைத்தால் அதே கதிதான். புது ரிப்பனை உறை பிரிக்காமல் அலுமாரியில் வைப்போம். காய்ந்த நாடாவில் தையல் மெசின் எண்ணெயைக் கொஞ்சமாய்த் தடவி, ஒரு நாள் மூடி வைத்தால் ஓரத்து மை நடுவுக்கு ஊறும். எண்ணெய் கூடினால் கடதாசி கறைபடும். முத்திரை மை ஊற்றவே கூடாது, ஊசி அடைபடும். நைந்த நாடாவை எறியத்தான் வேண்டும்.

சீட்டில் எழுத்து தெரியாவிட்டால் கூச்சப்படாமல் கிளாக்கர் ஐயாவிடம் வேறு அச்சடித்துக் கேட்போம். அது நம்ம உரிமை.